பக்கத்து வீட்டுக் கஞ்சாச் செடியில் மிளகு மணம் எப்படி?

வேலியோரம் (ஸ்கார்பரோ):
பக்கத்து வீட்டுக்காரர் பின்வளவில் நாலு கஞ்சாச் செடி வளர்க்கிறார். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வீட்டுக்கு நாலு வரை சட்டப்படி வைக்கலாம், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் செப்டம்பர் கடைசியில் பூ முற்றியதும் மணம் குசினி வரைக்கும் வந்துவிட்டது. ஸ்கங்க் (நாற்றம் பீய்ச்சும் சிறு விலங்கு) வந்துவிட்டதென்று நினைத்து அம்மா இரண்டு இரவு டோர்ச் அடித்துத் தேடினா. நேற்று வேலிக்கு இந்தப் பக்கம் விழுந்த பூங்கொத்துத் துண்டு ஒன்றை நசுக்கிப் பார்த்தேன். விரலில் பிசின் ஒட்டியது. முதலில் தோடம்பழத் தோல் மணம், அப்புறம் இடித்த மிளகு. ஒரே செடியில் இத்தனை மணமா? மணத்தைச் சுவாசித்தாலே வெறிக்குமோ என்று அம்மா பயப்படுகிறா.

மிளகுக்கொடி:
உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நான் மசாலா எண்ணெய் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். மிளகு எண்ணெயை, அதிலுள்ள சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் கருவியில் ஏற்றினால் திரையில் உயர்ந்து நிற்கும் சிகரங்களில் ஒன்று பீட்டா-கேரியோஃபில்லீன் என்ற மணச் சேர்மம். கிராம்பிலும் உண்டு. கஞ்சாப் பூவில் இருப்பதும் அதே மூலக்கூறுதான், வேறு வகை இல்லை. ஆரஞ்சுத் தோல் மணம் லிமோனீனுடையது. இரண்டும் டெர்பீன்கள், அதாவது செடிகளின் எண்ணெயில் இருக்கும் ஒருவகை மணச் சேர்மங்கள். விரலில் ஒட்டிய பிசின், பூவின் மேல் நிற்கும் நுண்சுரப்பிகள் உடைந்து வந்தது; மணமெல்லாம் அங்கேதான் சேர்ந்திருக்கும்.

அம்மாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். போதை தரும் டிஎச்சிக்கு (THC) மணமே கிடையாது. பச்சைச் செடியில் அது பெரும்பாலும் போதை தராத அமில வடிவில்தான் இருக்கும், முக்கியமாகச் சூடு பட்டால்தான் போதை தரும் வடிவுக்கு மாறும்.

கந்தகம்:
ஸ்கங்க் நாற்றம் டெர்பீன் வேலை இல்லை. அது கந்தகச் சேர்மங்களால் வருவது என்று 2021-இல்தான் தெளிவாகக் காட்டினார்கள். முக்கியமானது 3-மெத்தில்-2-பியூட்டீன்-1-தயோல். வெயிலில் வைத்த பீர் கெட்டுப்போய் நாறுவதும் இதனால்தான். பீருக்குப் போடும் ஹாப்ஸும் கஞ்சாவும் ஒரே தாவரக் குடும்பம். அளவு மிகச் சொற்பம், ஆனால் நம் மூக்கு கந்தகத்தை விடவே விடாது.

வேலியோரம்:
மிக்க நன்றி இருவருக்கும். அந்தத் துண்டை ஜன்னலோரம் வைத்திருந்தேன். இரண்டு நாளில் தோடம்பழ மணம் போய்விட்டது, மிளகு மட்டும் நிற்கிறது. ஏன்?

மிளகுக்கொடி:
லிமோனீன் சின்ன மூலக்கூறு, பத்து கார்பன், சீக்கிரம் பறந்துவிடும். கேரியோஃபில்லீனுக்குப் பதினைந்து. அது மெதுவாகத்தான் போகும்.

வேலியோரம்:
சரி. அம்மா இப்போது உரலில் மிளகு இடித்துக்கொண்டு வந்து இரண்டையும் மாறி மாறி மணந்து பார்க்கிறா.