புதுப்பிப்பு: அம்மாவின் மறைவுக்குப் பின் ஜெபிக்க இயலாமை

அம்மா இறந்த பின் ஜெபிக்க வாய் எழவில்லை என்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து நான் கேட்டதற்கு மறுமொழி எழுதிய அனைவருக்கும் நன்றி. வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தோம். கூட்டம் அதிகமானதால் எனக்கு அது உதவவில்லை. சொந்த வார்த்தைகளைத் தேடாமல் வேதாகமத்திலுள்ள புலம்பல் சங்கீதங்களை (துயரத்தைத் தேவனிடம் முறையிடும் பாடல்களை) உரக்க வாசிக்கும்படி ஒரு சகோதரி கூறிய யோசனையே பலனளித்தது. முறையீட்டில் தொடங்கி நம்பிக்கையில் முடியும் 13ஆம் சங்கீதம் அப்போது சற்று அவசரமாகவே பட்டது. மாறாக, ஆறுதல் எதுவும் கூறாமல் இருளிலேயே முடியும் 88ஆம் சங்கீதம், துக்கத்தை மறைக்காமலும் தேவனிடம் பேசலாம் என்று காட்டியதால், அதிலிருந்தே என் ஜெபம் மீண்டும் தொடங்கியது. எதிர்பாராத ஒன்றும் நடந்தது: பால்மரம் வெட்டும் (ரப்பர் மரத்தில் பால் எடுக்கும்) வேலையிலிருந்து ஓய்வுபெற்று, அடக்க ஆராதனைக்குப் பிறகு யாரிடமும் பேசாதிருந்த அப்பா, இப்போது தாமே வேதாகமத்தை எடுத்துவந்து வாசிக்கச் சொல்கிறார். தூக்கம் மட்டும் இருவருக்கும் இன்னும் சீராகவில்லை.