செக்கோயா தேசியப் பூங்கா: அப்பா அம்மாவுடன் ஒரே நாள், எந்த டிரெயில்?

வழிப்போக்கன்77:
அக்டோபர் முதல் வாரம் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவோடு கலிஃபோர்னியா செக்கோயா பூங்காவுக்குப் போகிறோம். பூங்காவுக்கு வெளியே திரீ ரிவர்ஸ் ஊரில் தங்கல், கையில் ஒரே ஒரு முழு நாள். அப்பா தினமும் நடப்பவர். அம்மாவுக்குத்தான் முழங்கால் வலி, படி என்றாலே முகம் மாறிவிடும். கன அளவில் உலகிலேயே பெரிய மரமான ஷெர்மனைப் பார்த்துவிட்டு மோரோ ராக் பாறையில் ஏறுங்கள் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பெரிய செக்கோயா மரங்களுக்கு நடுவில் நிதானமாக நடக்க வேண்டும், அவ்வளவுதான். போட்டோ எடுத்துவிட்டு ஓடிவர இவ்வளவு தூரம் வண்டி ஓட்ட மனசில்லை.

புளியங்கொட்டை:
மோரோ ராக் வேண்டவே வேண்டாம், 350க்கும் மேல் படிகள். மேலே போனால் தெரிவதும் மலைத்தொடர்தான்.

நீங்கள் கேட்பது காங்கிரஸ் டிரெயில். ஷெர்மன் பக்கத்தில் தொடங்கி ஒரு சுற்றுச் சுற்றி அங்கேயே வந்துசேரும், ஐந்து கிலோமீட்டருக்குள், நல்ல பாதை. ஷெர்மன் முன்னால் வரிசை கட்டி நிற்கும் கூட்டத்தில் பெரும்பாலோர் அப்படியே திரும்பிவிடுவார்கள், கொஞ்சம் தள்ளிப் போனாலே காடு உங்களுக்கு மட்டும்தான். வழியில் கூட்டமாக நிற்கும் மரங்களுக்கு அமெரிக்க நாடாளுமன்ற அவைகளின் பெயரில் செனட், ஹவுஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஊரில் மரத்தடியில் பஞ்சாயத்து, இங்கே மரமே பஞ்சாயத்து.

ஆனால் மெயின் பார்க்கிங் மேலே இருக்கிறது. அங்கிருந்து மரத்துக்கு 800 மீட்டர் இறக்கம், நடுவில் படிகளும் உண்டு, திரும்பும்போது அத்தனையும் ஏற்றம். இடம் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் என்பதால் சும்மாவே மூச்சு வாங்கும். கோடையில் ஷட்டில் ஏறிக் கீழ்ப்பக்கம் இறங்கிக்கொள்ளலாம், அக்டோபரில் அதை நம்ப வேண்டாம். அம்மாவுக்கு பிக் ட்ரீஸ் டிரெயில்தான் சரி: ஒரு புல்வெளியைச் சுற்றிச் சமதளமான பாதை, சுற்றிலும் பெரிய மரங்கள், அங்கங்கே உட்காரலாம். பூங்காவின் ஜயன்ட் ஃபாரஸ்ட் மியூசியத்திலிருந்து போய்வர இரண்டு கிலோமீட்டர் சொச்சம்.

ஏழாம்மடை:
ஷெர்மனை நேரில் பார்த்து "இவ்வளவுதானா" என்றவர்களை எனக்குத் தெரியும். உயரம் 84 மீட்டர் சுமார், கடலோர ரெட்வுட் மரங்களில் 115 மீட்டரைத் தாண்டியதே உண்டு. ஷெர்மனின் பெருமை பருமன், அடிமரத்தின் குறுக்களவு 11 மீட்டர், தண்டின் கன அளவு 1,487 கன மீட்டர். வேலிக்கு வெளியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் அது மனதில் ஏறாது. விழுந்துகிடக்கும் மரத்தின் பக்கத்தில் நின்றால்தான் ஏறும். அப்பாவை கிரெசன்ட் மெடோ புல்வெளிப் பக்கம் தார்ப்ஸ் லாக்குக்குக் கூட்டிப்போங்கள், மாடு மேய்த்த ஒருவர் விழுந்த மரத்தின் பொந்தையே கோடைக்கால வீடாக வைத்திருந்தார், கதவும் கணப்பும் இன்றும் இருக்கின்றன.

வழிப்போக்கன்77:
அருமை, அப்பாவுக்கு இது போதும். வேலி எதற்கு? மரம் முழுக்கக் கரியாக இருக்கிறதே, தீ விபத்தா?

ஏழாம்மடை:
வேர் ஆழமாகப் போகாது, சில மீட்டர்தான், பக்கவாட்டில்தான் பரவும். நாம் மிதித்து மிதித்து மண் இறுகினால் வேருக்குத் தண்ணீர் போகாது, அதற்குத்தான் வேலி.

கரி பழைய தீக்களின் தழும்பு. பட்டை இரண்டடி வரை தடிமன், சாதாரணத் தீ ஒன்றும் செய்யாது. சொல்லப்போனால் தீ வேண்டும், சூட்டில் காய்கள் விரிந்து விதை கொட்டும், சாம்பல் மண்ணில் முளைக்கும். நூறு வருடமாக வந்த தீயையெல்லாம் அணைத்து அணைத்துக் காட்டில் விறகு சேர்ந்துவிட்டது, போதாததற்கு வறட்சி வேறு. 2020 காட்டுத் தீயில் மட்டும் குறைந்தது 7,500 பெரிய செக்கோயா மரங்கள் போனதாகக் கணக்கு. 2021 காட்டுத் தீயின்போது ஷெர்மனின் அடியைச் சுற்றிப் பாதுகாப்புக்கு அலுமினியப் போர்வை போர்த்தினார்கள்.

புளியங்கொட்டை:
இன்னும் சில. பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது, திரீ ரிவர்ஸிலேயே நிரப்புங்கள். போன் சிக்னலும் இருக்காது, மேப்பை முன்னாடியே இறக்கி வையுங்கள். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் ஏராளம், அம்மாவுக்கு வாந்தி வருமென்றால் முன் சீட்டு கொடுங்கள். புளியோதரை, முறுக்கு எதையும் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், கரடி கண்ணாடியை உடைத்துவிடும். பார்க்கிங்கில் இரும்புப் பெட்டி இருக்கும், அதற்குள் வைத்துப் பூட்டிவிட்டு நடங்கள்.