இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த இரத்தம்

ரோஸ் ஹில், ஓய்வுபெற்ற தமிழாசிரியை

வணக்கம். அம்மாவின் முதலாண்டுத் திவசத்துக்குள் அவருடைய அலமாரியை ஒழுங்குசெய்துவிட வேண்டும் என்று தம்பி சொல்லிக்கொண்டே இருந்தான். போன சனிக்கிழமைதான் மனம் வந்து உட்கார்ந்தேன். புடவை மடிப்புகளுக்கு நடுவே, கற்பூரப் பொட்டலத்தோடு, நான்காக மடித்த ஒரு தாள் கிடைத்தது. 1987ஆம் ஆண்டுத் தாள். உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், அதற்குக் கீழே இரத்தத்தில் உள்ள சர்க்கரைக்கு இரண்டு எண்கள். வெறும் வயிற்றில் 6.4. சர்க்கரைத் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 12.7. (இங்கே லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு. தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் 18ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், உங்கள் மில்லிகிராம் கணக்கு வந்துவிடும்.)

மொரீசியஸில் தொற்றா நோய்களுக்கான முதல் பெரிய கணக்கெடுப்பு அந்த ஆண்டுதான் நடந்தது. நம் சுகாதார அமைச்சகத்தோடு ஆஸ்திரேலியாவிலிருந்து பால் ஜிம்மெட், இங்கிலாந்திலிருந்து ஜார்ஜ் ஆல்பர்ட்டி, ஃபின்லாந்திலிருந்து யாக்கோ துவோமிலெஹ்தோ ஆகியோர் சேர்ந்து வேலை செய்தார்கள். 25 முதல் 74 வயது வரை ஐயாயிரம் பேருக்கு மேல் இரத்தம் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் என் அம்மா. சர்க்கரை நோய் இந்தியர்களின் நோய் என்ற எண்ணம் அப்போது இங்கே பலருக்கு இருந்தது. கணக்கெடுப்பு அதைப் பொய்யாக்கியது. இந்து இந்தியரில் நூற்றுக்கு 12.4 பேர், முஸ்லிம் இந்தியரில் 13.3, ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல் மக்களில் 10.4, சீனரில் 11.5. நான்கு சமூகமும் ஏறத்தாழ ஒரே தட்டில் நின்றன. ஒரே தீவு, ஒரே கடை, ஒரே மாதிரி மாறிப்போன வாழ்க்கை.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது எண் 11.1ஐ எட்டினாலே அது சர்க்கரை நோய். அம்மாவுக்கு 12.7. முதல் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் நோய் இல்லை என்றே எழுதியிருப்பார்கள். அந்த இரண்டு மணி நேரம் காத்திருந்ததால்தான் அது பிடிபட்டது. அம்மா தாளைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். "என்னம்மா எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். ஆங்கிலம் படித்தவள் வீட்டில் நான் ஒருத்திதான். ஆசிரியை வேலையில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. எனக்கு அந்த எண்கள் புரியவில்லை. கீழே, மருத்துவரைப் பார்க்கவும் என்று ஒரு வரி இருந்தது. வருவோர் எல்லாருக்கும் எழுதும் வரி என்று எடுத்துக்கொண்டேன். "ஒன்றுமில்லை அம்மா, எடை கொஞ்சம் அதிகம் என்கிறார்கள்" என்றேன். அவர் நிம்மதியாகச் சிரித்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஏழு ஆண்டு கழித்து வலது கண் மங்கிய பிறகுதான் சிகிச்சை தொடங்கியது. அந்தக் கண் திரும்பவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இரத்தம் கொடுத்திருப்பார்கள். 1987க்குப் பிறகு 1992, 1998, 2004, 2009, 2015, 2021 என்று கணக்கெடுப்பு தொடர்ந்து நடந்திருக்கிறது. என்ன கேட்டார்கள், என்ன சொன்னார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் எதுவானாலும் சரி.

ஃப்ளாக், ஓய்வுபெற்ற செவிலி

டீச்சரம்மா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எழுத முடியாமல் இருந்தேன். 1992 கணக்கெடுப்பில் வேலை செய்தவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

காலை ஏழு மணிக்கு முன்பே ஆட்கள் வந்து நிற்பார்கள். முந்தின இரவுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிட்டிருக்கக் கூடாது, ஒரு வாய்த் தேநீர்கூடக் கூடாது. முதல் இரத்தம் எடுத்ததும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் கையில் கொடுப்போம். ஏறக்குறைய பதினைந்து தேக்கரண்டி. ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். வெறும் வயிற்றில் அந்த இனிப்பு நெஞ்சைக் கரிக்கும். சில பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கண்ணை இறுக்குவார்கள், வாந்தி வந்துவிடாமல் இருக்க. வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய சோதனை வீண்.

அதற்குப் பிறகுதான் கடினமான வேலை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்த இடத்தில் இருக்க வேண்டும். புகைக்கக் கூடாது, நடமாடக் கூடாது. நடந்தால் தசைகள் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும், எண் பொய்யாகக் குறைந்துவிடும். தோட்ட வேலையை விட்டு வந்தவர்களுக்குச் சும்மா உட்காருவதைப் போன்ற தண்டனை வேறு இல்லை. ஒருவர் வெளியே போய்த் தன் சைக்கிளைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார். நான் குறிப்பேட்டில் அதை எழுதினேன். அவருக்குக் கோபம். "ஒரு நிமிடம்தானே, மகளே" என்றார். நான் அழிக்கவில்லை. எழுதியதை அழித்தால் பிறகு எந்த எண்ணை நம்புவது?

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்க மாட்டோம். அவர்களுக்கு நோய் இருப்பது தெரிந்ததுதான், சர்க்கரையை மேலும் ஏற்றி என்ன பயன்? ஆனால் ஒவ்வொரு நாளும் நோய் இருப்பதே தெரியாமல் வந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்காகத்தான் அந்த இரண்டு மணி நேரம்.

தாளைக் கையில் கொடுக்கும்போது கிரியோல் மொழியில் நாலு வார்த்தை சொல்லுவேன். நாலு வார்த்தை போதாது என்று இன்று தெரிகிறது.

கியூர்பீப்

என் தாயாரின் எண்ணெய்ப் புட்டியைப் பற்றி எழுதுகிறேன். இது ஆராய்ச்சி என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

சீனர் கடையில் ரேஷன் எண்ணெய் வாங்க நாங்கள்தான் புட்டி கொண்டுபோவோம். கியூர்பீப் குளிர் உங்களுக்குத் தெரியும். ஜூலை மாதக் காலையில் புட்டியின் அடியில் எண்ணெய் பால் போல வெண்மையாக உறைந்து நிற்கும். அம்மா அதை அடுப்போரம் வைத்து, தெளிந்த பிறகுதான் வடைக்கு ஊற்றுவார். ஒரு குளிர்காலத்தில் எண்ணெய் உறையவே இல்லை. பொரித்தால் ஒரு பச்சை வாசனை வேறு. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று அம்மா சண்டைக்கே போய்விட்டார்.

பல ஆண்டு கழித்து என் மகள் மருத்துவம் படிக்கும்போது சொன்னாள். 1987இல் அரசாங்கம் ரேஷன் எண்ணெயை மாற்றியது. பெரும்பாலும் பனையெண்ணெயாக இருந்ததை முழுவதும் சோயா எண்ணெயாக்கியது. 1992இல் மறுபடி அளந்தபோது மக்களின் இரத்தத்தில் சராசரி கொழுப்பு (கொலஸ்ட்ரால்) 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. இந்த முடிவுகள் 1990களில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தன. ஒரு மாத்திரைகூட விழுங்காமல் ஒரு நாடே இறக்கிய கொழுப்பு அது. உறைந்து நின்ற வெண்மைதான் இரத்தக் குழாயிலும் வேலையைக் காட்டிக்கொண்டிருந்தது என்று அம்மாவுக்குச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் கடைக்காரரைத் திட்டிவிட்டேனே" என்றார்.

அதே ஐந்து ஆண்டில் புகைபிடிப்பதும் குறைந்தது, இரத்த அழுத்தமும் சற்றே இறங்கியது. ஆனால் உடல் பருமனும் சர்க்கரை நோயும் ஏறின. இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எண்ணெயை அரசாங்கம் மாற்றித் தரலாம். நடப்பதை நமக்காக யாரும் நடந்து தர முடியாது.

குவாத்ர் போர்ன், காவடி எடுப்பவன்

என்னுடைய அனுபவம் கால் பற்றியது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபத்திரண்டு ஆண்டாகத் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன். பத்து நாள் விரதம், பிறகு ஆற்றங்கரையில் பூசை, அலகு, அங்கிருந்து கோர் த கார்ட் மலையடி முருகன் கோயில் வரை வெறுங்கால். நம் தைப்பூசம் கோடையின் உச்சியில் வருகிறது. மதியத் தார்ச்சாலை எப்படி இருக்கும் என்று எடுத்தவர்களுக்குத் தெரியும். சாலையோர வீட்டார் குழாய் பிடித்துத் தண்ணீர் ஊற்றுவார்கள், அந்த ஈரத்தைத் தேடித் தேடிக் கால் வைப்போம்.

நான்கு ஆண்டுக்கு முன்பு எனக்குச் சூடே தெரியவில்லை. முருகன் அருள் என்று உருகிப்போனேன். கண்ணீர் விட்டேன். செம்பில் பாலும் திரியவில்லை. அன்று மாலை கால் கழுவிவிட உட்கார்ந்த என் மனைவி கையை எடுத்துவிட்டார். இடது பாதத்தின் முன்பகுதியில் தோல் முழுதும் கொப்பளித்து, பாதி உரிந்து தொங்கியது. எனக்கு வலியே இல்லை.

மருத்துவர் கண்ணை மூடச் சொன்னார். மீன்பிடி நூல் போன்ற ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். பத்து கிராம் அழுத்தம் ஆனதும் வளையும் இழை அது. தொடுவது தெரிந்தால் "ஆம்" என்று சொல்ல வேண்டும். வலது காலில் சில இடங்களில் சொன்னேன். இடது காலில் அவர் தொட்டு முடித்துவிட்டார், நான் இன்னும் அவர் தொடங்குவதற்காகக் காத்திருந்தேன். சர்க்கரை பல ஆண்டாக நரம்பைத் தின்றிருக்கிறது. புண் ஆற ஏழு வாரம் ஆனது. விரல் போகாமல் தப்பியது.

காவடியை விட்டுவிடு என்று மருத்துவர் சொல்லவில்லை, அதற்காக அவரை மதிக்கிறேன். எந்தெந்த இடத்தில் உணர்வு இல்லை என்று ஒரு தாளில் பாதம் வரைந்து குறித்துக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு குருக்களையாவிடம் போனேன். ஐயா பார்த்துவிட்டு, "நேர்த்திக்கடன் நெஞ்சில் இருக்கிறது, தாரில் இல்லை. பிராகாரத்துக்குள் எடுங்கள்" என்றார். இப்போது கோயிலுக்குள் மட்டும் எடுக்கிறேன், ஒவ்வொரு சுற்றுக்கும் மகன் பாதத்தைப் பார்க்கிறான். விரத நாள்களுக்கு மாத்திரை அளவையும் முன்கூட்டியே கேட்டு மாற்றிக்கொள்கிறேன்.

தைப்பூசத்துக்கு ஒரு மாதம் முன்பே ஒவ்வொரு கோயிலிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த நூல் சோதனையை வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு நிமிட வேலை. நாற்பது வயதைத் தாண்டிக் காவடிக்குப் பெயர் கொடுக்கிற ஒவ்வொருவருக்கும் செய்ய வேண்டும். சூடு தெரியாத காலை அருள் என்று எண்ணி இன்னொருவர் நடக்கக் கூடாது.

வாக்வா

எல்லைக்கோட்டுச் சர்க்கரை என்று எனக்குச் சொன்னார்கள். மாத்திரையும் கொடுங்கள், நடைப்பயிற்சியும் செய்கிறேன், இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்புப் பலன்தானே என்று மருத்துவரிடம் வாதாடினேன். அவர் சென்னையில் ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னார். எல்லைக்கோட்டில் இருந்த 531 பேர், ஏறக்குறைய மூன்று ஆண்டு. நடையும் உணவும் மாற்றியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 26.4. இரண்டையும் சேர்த்தவர்களுக்கு 28.2. சேர்த்ததால் கூடுதலாக ஒன்றும் இல்லை. நம்மைப் போன்ற உடம்புக்காரர்களிடம் செய்து பார்த்தது என்பதால் ஏற்றுக்கொண்டேன். நடக்கிறேன். இரண்டு ஆண்டாக அதே கோட்டில் நிற்கிறேன்.

போர்ட் லூயிஸ், மருமகள்

என் மாமியாருக்கு 79 வயது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c, இது விழுக்காட்டுக் கணக்கு) 6.1 என்று வந்தபோது வீட்டில் எல்லாரும் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியில்தான் ஆபத்து இருந்தது. விடியற்காலையில் எழுந்தால் உடம்பெல்லாம் வியர்வை, பேச்சுக் குழறல், இரண்டு முறை குளியலறை வாசலில் விழுந்தார். நாங்கள் முதலில் போன மருத்துவமனை ஒன்றில் வயதாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அத்தையே ஒரு நாள், "சர்பத் குடித்தால் சரியாகிவிடுகிறது" என்றார். சர்க்கரை மிகவும் இறங்கிப்போகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வேறொரு மருத்துவர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். என் கணவருக்குக் கோபம், நல்லாயிருக்கும் எண்ணைக் கெடுக்கிறீர்களே என்றார். மருத்துவர் பொறுமையாக உட்காரவைத்துச் சொன்னார். அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது, ஒரு பாதிக்கு அந்தச் சராசரியை 6க்குக் கீழே கொண்டுவரக் கடுமையாகச் சிகிச்சை. கடுமையான பக்கத்தில் இறப்பு அதிகமாக இருந்ததால் 2008இல் அந்தப் பகுதியை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். அதனால், வயதானவருக்கு விழாமல் இருப்பதும் சிகிச்சைதான், என்றார். இப்போது அத்தைக்கு 7.6. விழவில்லை. காலையில் அவரே துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்.

ரோஸ் ஹில், ஓய்வுபெற்ற தமிழாசிரியை

எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. ஃப்ளாக் அம்மா, நீங்கள் அழிக்காமல் விட்ட அந்த வரிக்காக உங்களை வணங்குகிறேன். அந்தக் குறிப்பேடுகள் அப்படி நேர்மையாக இருந்ததால்தான் எண்களை நம்ப முடிகிறது. குவாத்ர் போர்ன் தம்பி, ரோஸ் ஹில் பக்கத்துக் கோயிலில் நூல் சோதனை பற்றி நானே பேசுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கிறது.

என் மகனுக்கு 34 வயது. உங்கள் கடிதங்களை அவனுக்குப் படித்துக் காட்டினேன். செவ்வாய்க்கிழமை வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு பாட்டி குடித்த அதே தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தான். நானும் கூடவே போய் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் எண் 5.7. இரண்டாவது 8.9. நோய் இல்லை, ஆனால் எல்லைக்கோடு தொடங்கும் 7.8ஐத் தாண்டிவிட்டான். சென்னையிலும், துவோமிலெஹ்தோ தம் நாட்டில் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்விலும் சேர்த்துக்கொண்டவர்கள் நின்ற அதே இடம். ஃபின்லாந்தில் உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது.

சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து வைத்து, மருமகளுக்கும் புரியும்படி ஒவ்வொரு வரியாகக் கிரியோலில் எழுதினேன். அம்மாவின் தாளையும் பக்கத்தில் வைத்தேன். மகன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "பாட்டிக்கு அப்போது என்ன வயது?" என்று கேட்டான். நாற்பத்தொன்பது என்றேன். அவன் எழுந்து போய்க் காலணியைத் தேடினான்.