துராஸின் பிச்சைக்காரி

பிரெஞ்சு எழுத்தாளரும் திரைப்பட இயக்குநருமான மார்கரித் துராஸ் என்றதும் பலருக்கும் 1984இல் பிரான்சின் இலக்கிய விருதான கொன்கூர் பரிசு வாங்கிய 'காதலன்' நாவல்தான் நினைவுக்கு வரும். எனக்கு முதலில் பார்க்கக் கிடைத்தது 1975இல் அவரே எழுதி இயக்கிய 'இந்தியா சாங்' படம்.

கதை நடப்பது 1930களின் கல்கத்தாவில், பிரெஞ்சுத் தூதர் வீட்டில். ஆனால் வெளியே தெரியும் மாளிகை பாரிஸை ஒட்டிய புலோஞ்ஞில் பாழடைந்து கிடந்த ரோத்ஷீல்டு மாளிகை. திரையில் தூதரின் மனைவியாக நடிகை தெல்ஃபின் சேரிக் நடக்கிறார், நடனமாடுகிறார். யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. பேச்செல்லாம் வெளியிலிருந்து வருகிறது, யார் யாரோ அவளைப் பற்றி ஊர்க்கதை பேசுவதுபோல. அந்த மந்தகதி பொறுமையைச் சோதிக்கத்தான் செய்தது. என்னை எழுந்துபோக விடாமல் பிடித்துவைத்தது ஒரு குரல். படம் தொடங்கி சூரியன் மெல்ல இறங்கும்போதே அது கேட்கிறது: லாவோஸ் மொழியில் பாடுகிற, சிரிக்கிற ஒரு பிச்சைக்காரி. அவளைக் காட்டவே இல்லை.

அப்புறம் அவளைத் தேடித்தான் துராஸை வாசித்தேன். 1966இல் வந்த 'துணைத் தூதர்' நாவலில் அவள் கம்போடியப் பெண். கர்ப்பமானதும் தாய் விரட்டிவிட, பசியோடு நடந்து நடந்தே கல்கத்தா வந்து சேர்கிறாள். அதற்கும் முன்பு, 1950இல் வந்த 'பசிபிக்கை எதிர்த்த அணை' நாவலில், காலில் புண்ணோடு வரும் ஒருத்தி தன் குழந்தையைக் கதாநாயகியின் தாயிடம் விட்டுவிட்டுப் போகிறாள். குழந்தை பிழைப்பதில்லை.

துராஸ் 1914இல் வியட்நாமின் சைகோன் அருகே பிறந்தவர். தாய் பள்ளி ஆசிரியை, கணவரை இழந்தவர். சேமிப்பையெல்லாம் போட்டு அவர் கம்போடியாவில் வாங்கிய நிலத்தில் கடல்நீர் ஏறி, பயிர் அழிந்தது. உதவாத நிலத்தைத் தலையில் கட்டிய காலனி அதிகாரிகள் மீதான கோபம் 'அணை' நாவல் முழுக்க எரிகிறது. பிச்சைக்காரியும் அதே மண்ணிலிருந்து வந்தவள். அதனால்தான் துராஸால் அவளை விட முடியவில்லை என்று நினைக்கிறேன்.

1976இல் 'இந்தியா சாங்' ஒலிப்பதிவை அப்படியே எடுத்து, இடிந்த மாளிகையின் காட்சிகள்மீது வைத்து இன்னொரு படமே செய்தார். அவ்வளவு துணிச்சல் எனக்குத் தெரிந்து வேறு யாருக்கும் இருந்ததில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 'அணை' நாவலை முதலில் படியுங்கள். கதையும் ஆட்களும் பிடிபட்டுவிடும். சரி, பிறகு படத்துக்குப் போகலாம்.