கணிதத்தில் கிரேடு: வகுப்பை வைத்தா, மதிப்பெண்ணை வைத்தா?

அரசலாறு:
நம்ம பக்கத்துத் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. கணிதத்துக்கு ரிலேடிவ் கிரேடிங், அதாவது வகுப்பின் மொத்த நிலையை வைத்துக் கிரேடு போடும் முறை, கொண்டுவரலாமா என்று பேச்சு அடிபடுகிறது. கொண்டுவர வேண்டும் என்பேன். கேள்வித்தாள் எடுப்பவர் கடினமாகக் கேட்டால் வகுப்புச் சராசரி 40, அடுத்த வருஷம் அதே பாடத்தில் 65. 60-க்கு இது, 70-க்கு அது என்று நிரந்தரக் கோடு போட்டால் தாளின் குற்றத்துக்குப் பிள்ளைகள் அடி வாங்குகிறார்கள். சராசரியையும் திட்ட விலக்கத்தையும் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு) வைத்து எல்லையை நகர்த்தலாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் சிபிசிஎஸ் (விருப்பப் பாட கிரெடிட் முறை) வழிகாட்டுதல் இரண்டு முறைக்கும் இடம் தருகிறது.

மன்னை கணக்கு:
சார், அது நடுவில் குவிந்து இரு பக்கமும் குறையும் மணி வடிவப் பரவலுக்குத்தான் பொருந்தும். கணிதத்தில் பல வகுப்புகளில் மதிப்பெண் இரண்டு மேடாக விழும்: நிரூபணம் பிடிபட்டவர்கள் ஒரு பக்கம், பிடிபடாதவர்கள் மறுபக்கம். பாதிப் பேர் 30, பாதிப் பேர் 80 என்று வையுங்கள். சராசரி 55, அந்த மதிப்பெண்ணில் ஒருவர்கூட இல்லை. திட்ட விலக்கம் 25. மிக உயர்ந்த ‘ஓ’ கிரேடுக்குச் சராசரிக்கு மேல் ஒன்றரை விலக்கம் வேண்டும் என்றால் எல்லை 92.5. வகுப்பில் யாருக்கும் ‘ஓ’ கிடையாது.

அரசலாறு:
40-க்குக் கீழே உள்ளவர்களை முதலில் ஒதுக்கிவிட்டு, தேறியவர்களுக்கு மட்டும் கணக்குப் போட வேண்டும். தேறியவர்கள் 30 பேருக்குக் குறைவென்றால் நிரந்தரப் பட்டியலே போதும்.

மன்னை கணக்கு:
ஒதுக்கினால் மிஞ்சுவது 80-ஐச் சுற்றி நெருங்கி நிற்கும் கூட்டம். விலக்கம் 2 என்று சுருங்கினால், ஒரே ஒரு 2 மார்க் கேள்வி கிரேடையே மாற்றிவிடும்.

வெண்ணாறு:
கோட்டை எங்கே போடுவது என்பதிலேயே நிற்கிறீர்கள். தாளைப் பாருங்கள். பழகிய 75 மார்க் தாளில் பகுதி அ 10 கேள்வி, தலா 2. பகுதி ஆ 5 கேள்வி, தலா 5, ஒவ்வொன்றிலும் ‘அல்லது’. பகுதி இ-யில் ஐந்தில் மூன்று, தலா 10. ஐந்து யூனிட்டில் இரண்டைப் புரட்டிக்கூடப் பார்க்காத மாணவர் பகுதிவாரியாக 12, 15, 30 என்று 57 வாங்க முடியும். கல்லூரியே போடும் இன்டர்னல் மார்க்கில் 25-க்கு 22 போட்டால் மொத்தம் 79. ரியல் அனாலிசிஸில் சீரான தொடர்ச்சியும் ரீமன் தொகையீடும் தெரியாமலே 79! வகுப்பில் எல்லாருக்கும் இன்டர்னல் 21 முதல் 24-க்குள் என்றால், அந்த 25 மார்க் யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது. பெயருக்குத்தான் கால்பங்கு.

கொள்ளிடக்கரை:
அந்தச் சாய்ஸுக்குக் காரணம் இருக்கிறது. நவம்பர் செமஸ்டர் வடகிழக்குப் பருவமழையில் மாட்டுகிறது. திருவாரூர், நாகை, மயிலாடுதுறையில் அடைமழை விடுமுறை வரிசையாக வந்தால் ஐந்தாம் யூனிட் அரைகுறையாகத்தான் முடியும். சாய்ஸை எடுத்தால் நடத்தாத பாடத்துக்கு மாணவரைத் தண்டிக்கிறோம்.

வெண்ணாறு:
அப்படியானால் ஐந்தாம் யூனிட்டுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். மழையே இல்லாத ஏப்ரல் செமஸ்டரிலும் ஏன் அதே சாய்ஸ்?

அடுத்தது கீ, அதாவது திருத்துபவர்களுக்கான விடைக்குறிப்பு. ஐகன் மதிப்பும் திசையனும் (மேட்ரிக்ஸால் பெருக்கினால் வெறும் ஒரு மடங்காக மாறும் திசையனும், அந்த மடங்கும்) கேட்டு 5 மார்க். மேட்ரிக்ஸின் முதல் வரி 2, 1. இரண்டாம் வரி 1, 2. விடை 1, 3. டிடர்மினன்ட்டை விரிக்கும்போது 1-ஐக் கழிப்பதற்குப் பதில் கூட்டினால் 2 கூட்டல் ‘ஐ’, 2 கழித்தல் ‘ஐ’ (‘ஐ’ என்பது மைனஸ் 1-இன் வர்க்கமூலம்) என்று கலப்பெண் வருகிறது. ஒருவர் 4 போடுகிறார், இன்னொருவர் 2. கீயில் விடை மட்டும்தானே இருக்கிறது.

அரசலாறு:
குறிப்பிழை ஒன்றுதான். ஒரு தடவை கழித்தால் போதும், 4.

மன்னை கணக்கு:
போதாது சார். மெய்யெண்களால் ஆன சமச்சீர் மேட்ரிக்ஸுக்கு ஐகன் மதிப்பு மெய்யாகத்தான் வரும் என்பது அதே யூனிட்டில் நடத்திய தேற்றம். கலப்பெண்ணைக் கண்டதும் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். குறிக்கு 1, பார்க்காததற்கு 1 கழியுங்கள். திசையன் வரை முறை சரியென்றால் 3. இதைத் திருத்தத் தொடங்கும் முன்பே கீயில் எழுதிவிட வேண்டும்.

அரசலாறு:
3-க்குச் சம்மதம். ஆனால் சராசரி 40 வந்த வருஷத்துக்கு என்ன வழி சொல்கிறீர்கள்? அதற்கு ரிலேடிவ்தான் என்கிறேன் இன்னும்.

மன்னை கணக்கு:
தாள் அச்சுக்குப் போகும் முன் அதை எடுக்காத வேறொரு ஆசிரியர் உட்கார்ந்து முழுதாக எழுதிப் பார்க்கட்டும். 3 மணி நேரத் தாள் அவருக்கே ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் நீளம் அதிகம். ஒரு 10 மார்க் கேள்வியை மாற்றச் சொல்லுங்கள்.