வாரம் ஒரு புது ஐடியா கேட்கிறார்கள், எங்கிருந்து கொண்டுவருவது?

பனியன் ஊர்:
வணக்கம் நண்பர்களே. திருப்பூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். திங்கள்தோறும் மீட்டிங்கில் ஆளுக்கு ஒரு புது யோசனை சொல்லியாக வேண்டும். ஒரு வருடமாக நான் சொன்னதெல்லாம் எதையாவது கூடச் சேர்ப்பதுதான், முதலில் ஒரு ரிஜிஸ்டர், அப்புறம் ஒரு எக்செல், அப்புறம் ஒரு வாட்ஸ்அப் குழு. இப்போது ஒரே பெட்டிக் கணக்கை மூன்று இடத்தில் எழுதுகிறோம், மூன்றும் ஒத்துப்போவதில்லை. வேலையைக் குறைத்துப் பார்த்து, நிதானமாக யோசித்து, யாராவது உருப்படியாக எதையாவது கண்டுபிடித்திருக்கிறீர்களா? தியான வகுப்பு விளம்பரம் வேண்டாம், வேலை செய்யும் இடத்தில் நடந்ததைச் சொல்லுங்கள்.

ஓசூர் லேத்:
டொயோட்டாவில் டாயிச்சி ஓனோ என்று ஒருவர் இருந்தார். தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, ஆளை அதற்குள் நிறுத்தி, நடக்கிற வேலையைப் பார் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாராம். மணிக்கணக்கில் நிற்க வேண்டும். நான் வட்டமெல்லாம் போடவில்லை, போனை லாக்கரில் வைத்துவிட்டு ஒரு தூண் ஓரமாக நின்றேன். முதல் பத்து நிமிடம் எல்லாம் சரியாக நடக்கிற மாதிரிதான் இருந்தது. அப்புறம்தான் கண்ணில் பட்டது, ஆபரேட்டர் ஒவ்வொரு பீஸுக்கும் தரையில் இருக்கிற டிரேக்குக் குனிந்து நிமிர்கிறார், ஷிப்டுக்கு 400 தடவையாவது இருக்கும். கிடந்த பழைய ஆங்கிளை வெல்டு வைத்து ஒரு ஸ்டாண்டு செய்தோம், அவ்வளவுதான். ஆறு வருடம் தினமும் அந்த வழியாகத்தான் நடந்திருக்கிறேன்.

வைகைக் கரை:
எனக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைதான் ஞாபகம் வருகிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு 1976இல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர், அரவிந்தரின் வழியில் தியானத்தில் ஊறியவர். அங்கே நடப்பதைப் பார்த்தால் எல்லாமே ஒரு சின்னக் கேள்வியில் தொடங்கியது போலத் தெரிகிறது: இதில் டாக்டரே செய்ய வேண்டியது எது? ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். தயார் செய்கிறவர்கள் அங்கேயே பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள். ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு லென்ஸ் ஏழைகளுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றதும் 1992இல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே செய்தார்கள். என் அம்மாவுக்குக் கண்புரை எடுத்ததும் அங்கேதான், அந்தப் பெண்களின் நிதானம் இன்னும் மனதில் நிற்கிறது.

மேஜை எண் 7:
தம்பி, செக்கிங்கில் 11 வருடம் வேலை பார்த்தவள் நான். சூப்பர்வைசர் ஓரமாக நின்று பார்த்தாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும், ஆள் குறைக்கத்தான் கணக்கெடுக்கிறார் என்று தோன்றும். அதனால் எதற்காக நிற்கிறீர்கள் என்று முதலில் சொல்லிவிடுங்கள். எந்த வேலை வீண் என்பது மேஜையில் இருப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், எங்களிடம் யாரும் கேட்டதில்லை.

பனியன் ஊர்:
அக்கா சொன்னபடியே எல்லோரிடமும் சொல்லிவிட்டு நேற்று மதியம் அரை மணி நேரம் நின்றேன். சைஸ் ஸ்டிக்கர் தீரத் தீர ஸ்டோருக்கு ஓடுகிறார்கள். ரோல்களை மேஜை ஓரத்திலேயே ஒரு கம்பியில் மாட்டிவிட்டோம். ரிஜிஸ்டரைப் பற்றிக் கேட்டேன், "நீங்க எழுதச் சொன்னீங்க, எழுதறோம், யாரும் பார்க்கறதில்லையே சார்" என்றார் ஒருவர். திங்கட்கிழமை அதையும் வாட்ஸ்அப் குழுவையும் நிறுத்திவிடலாமா என்று கேட்கப் போகிறேன்.