புதுப்பிப்பு: குவிட்டின் ஆயுள் ஏன் குறைந்தது?
எங்கள் மீக்கடத்திக் குவிட்டின் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு; எங்களுடையது மின்தடையே இல்லாத உலோகச் சுற்று) ஆயுள், அதாவது அது ஆற்றலை இழக்காமல் தாங்கும் நேரம், ஒரே இரவில் 80 மைக்ரோவினாடியிலிருந்து 20-க்கு விழுந்துவிட்டது, குளிரூட்டியைச் சந்தேகிக்கிறேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். குளிரூட்டி காரணமல்ல, அது 10 மில்லிகெல்வினில் (தனிச்சுழி வெப்பநிலைக்குச் சற்றே மேலே) அப்படியே நிற்கிறது.

காந்தப்பாயத்தைக் (சுற்றின் வழியே செல்லும் காந்தப்புலத்தின் அளவை) கொண்டு குவிட்டின் அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் ஆயுளை அளந்தோம். ஓர் அதிர்வெண்ணில் மட்டும் ஆயுளில் ஆழமான பள்ளம்! குவிட்டின் அலுமினிய ஆக்சைடு படலத்தில் உள்ள அணு அளவுக் குறைபாடு ஒன்று அதே அதிர்வெண்ணுக்கு வந்து ஆற்றலை உறிஞ்சுகிறது என்றே முடிவுக்கு வந்தோம். குவிட்டின் அதிர்வெண்ணை 15 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வைத்ததும் சரியாகிவிட்டது.

அப்புறம், அறை வெப்பநிலைக்குச் சூடாக்கிக் குளிர்விக்கச் சொன்னவர்களுக்கு: அப்படிச் செய்தால் குறைபாடுகளின் அதிர்வெண்கள் கலைந்துவிடும், இதைக் கண்டே பிடித்திருக்க முடியாது. இந்தக் குறைபாடு மறுபடி நகர்கிறதா என்று இன்று இரவு முழுக்க அளக்கிறேன்.